எண்ணூர்க் கழியில் காலி இடம் எது?

கேள்வி இதுதான்: "பெரம்பூரில் இருக்கும் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடற்கரையைச் சுத்தம் செய்யலாம், அலையாத்தி மரம் நடலாம், வருடத்துக்கு ஒரு முறை வடசென்னைக் கலைஞர்களை வைத்து ஒரு சின்ன விழா நடத்தலாம் என்று யோசித்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? இங்குள்ள கலையையும் சூழலையும் எப்படி இணைப்பது?"

நல்ல எண்ணம். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திருவொற்றியூரில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டை நானே செய்து பார்த்துச் சொதப்பியிருக்கிறேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப்பம் பக்கம் அலையாத்திக் கன்று நடப் போனோம். ஒரு அமைப்பு கன்று கொடுத்தது, தொப்பி கொடுத்தது, பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தது. தண்ணீர் வற்றியிருந்த நேரம். கண்ணுக்கு எட்டிய வரை பளபளவென்று சேறு. எங்களுக்குக் காலி இடமாகத் தெரிந்த ஒரு திட்டில் கயிறு பிடித்து வரிசையாக நட்டோம். படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். பத்து நாள் கழித்துப் போனால் பாதிக் கன்றைக் காணோம். யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். கரையில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். "நாங்கதான் சார் புடுங்குனோம். அது வலை போடுற எடம். காலி எடம்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார்.

மிச்சமிருந்த பாதி தானாகவே செத்தது. அதற்குக் காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அலையாத்திக்குத் தண்ணீர் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். நாங்கள் நட்டது மிகத் தாழ்வான திட்டு. நாளில் பெரும்பாலான நேரம் கன்று மூழ்கியே கிடந்தது. மூச்சு முட்டிச் செத்துவிட்டது. அந்த அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருந்தால், எவ்வளவு நேரம் எங்கே தண்ணீர் நிற்கும் என்று விரலை நீட்டிக் காட்டியிருப்பார்.

"காலி எடம்னு யார் சொன்னா" என்ற அந்தக் கேள்வியை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை. எண்ணூரின் ஐம்பது வருடக் கதை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

சரி, தண்ணீர் எப்படிப் போகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். சென்னையின் மூன்று ஆறுகளில் பெரியது கொசஸ்தலை. அடையாறும் கூவமும் ஊர் நடுவே ஓடுவதால் பேர் வாங்கிவிட்டன. கொசஸ்தலை வடக்கே சுற்றி வந்து எண்ணூரில் கடலைத் தொடுவதால் பலருக்கு அப்படி ஒரு ஆறு இருப்பதே தெரியாது. 1944-ல் கட்டிய பூண்டி ஏரி இந்த ஆற்றின் மேல்தான் இருக்கிறது. பூண்டியில் திறந்துவிடும் உபரி நீர், புழல் ஏரியின் உபரி நீர், மழைக்காலத்தில் மணலிப் பக்கம் தேங்கும் நீர் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து வடிய வேண்டும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான் பலர் இந்த ஆற்றின் பெயரையே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஆறு கடலோடு கலக்கும் இந்த உப்புத் தண்ணீர்ப் பரப்புக்குத்தான் கழி என்று பெயர். அதே கழியில் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் வந்து சேர்கிறது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. பிறகு வடக்கே நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலி கொடுப்பதற்காகவே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயர் கால்வாய்க்கு வந்தது. விறகும் உப்பும் படகில் ஊருக்குள் வந்த வழி அது. இன்று அதில் என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது அந்தச் சேற்றுக்கு வருவோம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் ஒளிந்து வளரும். வளர்ந்த பிறகு கடலுக்குத் திரும்பும். ஆக, காசிமேட்டில் ஏலம் போகும் இறாலில் ஒரு பங்குக்குக் கழிதான் தாய்வீடு. இதற்கு மூன்று விஷயம் வேண்டும்: முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்க வேண்டும், அடியில் மெத்தென்ற சேறு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டாலும் வலையில் தெரிந்துவிடும். இருளர்கள் இந்த இறாலைக் கையாலேயே பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சேற்றைத் தடவி, அகப்படுவதை வாயில் கவ்வியிருக்கும் பறிக்கூடைக்குள் போடுவார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. அவர்கள் விரல்தான் அளவுகோல். தண்ணீரின் சூட்டில், சேற்றின் வழவழப்பில் என்ன மாறியிருக்கிறது என்று எந்தக் கருவிக்கும் முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தண்ணீரில் யார் எங்கே பிடிப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பழவேற்காட்டில் அதற்கு 'பாடு' என்று பெயர். எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்துவலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது, எல்லாரும் ஒரே நாளில் இறங்கிக் கழியை வழித்தெடுக்கவும் முடியாது. எண்ணூர்க் குப்பங்களிலும் எந்த இடம் யார் வலைக்கு என்பதில் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. இதைத் தூக்கி வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. பாடு முறையில் இருளர்களுக்கும் பெண்களுக்கும் பங்கு கிடையாது. அது பெரிய ஓட்டைதான். ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று இன்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்களே, அதில் முக்கால்வாசியைச் சட்டமோ நிதியோ இல்லாமல் செய்துகொண்டிருந்த ஏற்பாடு அது.

நில ஆவணத்தில் இதெல்லாம் வராது. சேறு, தண்ணீர், உப்பளம், மணல்மேடு எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே சொல்தான்: புறம்போக்கு. வரி கட்டாத பொது நிலம் என்பதுதான் அதன் பழைய பொருள். நம் வாயில் அது வசவாகிவிட்டது. புறம்போக்கு என்றால் காலி, காலி என்றால் கொட்டலாம். 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது (2017-ல் மூடினார்கள்). 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு வல்லூர். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், பின்னால் அதுவே காமராஜர் துறைமுகம் ஆனது. அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். அத்திப்பட்டு உப்பளங்களில் பெரும் பகுதி இவற்றுக்குள் போயிற்று. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும், ஒழுகும், சாம்பல் கழியில் இறங்கும். ஒரு ஆள் முங்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று முட்டியளவுத் தண்ணீரில் நடந்து போகலாம். சாம்பல் படிந்த தரை சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதில் இறால் எங்கே ஒளியும்? சாம்பல் குளத்துக்குப் பக்கத்து ஊரான செப்பாக்கத்துக்குப் போனால் வீட்டுக் கூரை மேல் அந்தச் சாம்பலைப் பார்க்கலாம். கூடவே ஆலையைக் குளிர்வித்துவிட்டு வெளியே வரும் வெந்நீர் வேறு.

கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் 1991-லேயே வந்தன. அவற்றின்படி 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எண்ணூர்க் கழி பாதுகாக்க வேண்டிய பகுதி. பிறகு புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் கழியில் பெரும் பகுதியைக் காணோம். தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, தாளில் மட்டும் மறைந்துவிட்டது. மீனவர்கள் மனு மேல் மனு போட்டு, வழக்கு நடத்தி, 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அள்ளி ஆற்றைச் சீர்படுத்த வேண்டும் என்று சொல்லும் வரை வந்தது. அந்த வழக்கில் முன்னால் நின்றது வலை இழுக்கும் ஆட்கள்.

எண்ணெய்க் கதை உங்களுக்கே நினைவிருக்கும். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கருப்புக் கூழ் கரை ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கால்வாயில் இறங்கி, கழிக்கு வந்து, கடலுக்கும் போனது. கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்தும் அதே வாளி. கூழைக்கடா எண்ணெயில் குளித்து நின்றதைப் பார்த்தோம். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்.

இவற்றுக்கு நடுவில் சத்தமில்லாமல் ஒன்று நடக்கிறது. அதைப் பற்றிச் செய்திகளில் குறைவாகத்தான் வருகிறது, எனக்கோ அதுதான் அதிகக் கவலை. காக்கா ஆழி. ஆழி என்று நம் பக்கம் சொல்வது சிப்பியை. காக்கை மாதிரி கருப்பாக, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு சிப்பி இது. தென்னமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் நிலைத்து நிற்க உள்ளே நிரப்பும் தண்ணீரிலோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. கழியின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடுகிறது. நம்மூர் மஞ்சள் ஆழிக்கும் இறாலுக்கும் இடம் இல்லை. கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குக் கால் வைத்தால் கிழிக்கிறது. இதை முதலில் கண்டுபிடித்ததும் பெயர் வைத்ததும் மீனவர்கள்தான். அதிகாரிகள் பிறகு வந்தார்கள்.

கழியை விட்டுக் கடற்கரைக்கு வருவோம். நீங்கள் சுத்தம் செய்ய நினைக்கும் கடற்கரை திருவொற்றியூரில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தீர்களா? பாதி இடத்தில் கருங்கல்தான் இருக்கிறது. இதற்கும் ஒரு கதை உண்டு. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நம் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியபோது, தெண்டி கொண்டு வரும் மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் தின்னத் தொடங்கியது. மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் மணலில் ஒரு பங்கு எங்கள் பங்கு என்று என் அப்பா வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கை ஒன்றும் இல்லை அதில். பிறகு கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவராகத் தூண்டில் வளைவு கட்டினார்கள். ஒரு குப்பத்தில் வளைவு கட்டினால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்தில் அரிப்பு கூடும். அங்கேயும் ஒன்று கேட்பார்கள். அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

கலாச்சாரத்தைச் சூழலோடு எப்படி இணைப்பது என்று கேட்டீர்கள் அல்லவா, பதில் இந்த மணலில்தான் இருக்கிறது. குப்பத்தில் மணல் என்றால் என்ன? படகு ஏற்றும் இடம். வலை பின்னும் இடம். நெத்திலி காயும் இடம். சாயங்காலம் பையன்கள் பந்து ஆடும் இடம். மாசி மகத்துக்குச் சாமி வந்து தீர்த்தவாரி நடக்கும் இடம். ஆடியில் கூழ் ஊற்றும் இடம். ஊர்ப் பஞ்சாயத்து கூடும் இடம். யாராவது கடலில் போய்த் திரும்பாவிட்டால் பெண்கள் உட்கார்ந்து காத்திருக்கும் இடமும் அதுதான். மணல் போய்க் கல் வந்ததும் இது அத்தனையும் தார் ரோட்டுக்கு வந்துவிட்டது. கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் வலை பின்னுகிறார்கள். ஆமை முட்டையிட ஏறவும் மணல் இல்லை. ஆமைக்கும் அம்மனுக்கும் ஒரே நாளில்தான் இடம் போயிற்று. நீங்கள் இணைக்க வேண்டியது எதுவும் இல்லை, ஏற்கெனவே ஒன்றாக இருந்ததைத்தான் பிரித்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. வெளுக்க நல்ல தண்ணீரும் காயப் போட வெட்டவெளியும் வேண்டுமே, அது இங்கே இருந்தது. கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க 1772-ல் வெட்டிய கிணறுகள்தான் ஏழுகிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தித்திக்கும் தண்ணீர். வள்ளலார் அந்த ஏழுகிணற்றில் குடியிருந்துதான் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். பட்டினத்தார் அடங்கிய இடம் எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கிறது. ராயபுரத்துக்குப் பெயர் ராயப்பரால் வந்தது, அதாவது பீட்டர். துறைமுகம் வருவதற்கு முன், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகுக்காரர்கள் கட்டிய கோயில் அவருடையது. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபால் தண்டையார்பேட்டைக்குப் பெயர் வந்தது என்பார்கள். காலடிப்பேட்டை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னராக இருந்த காலெட்டின் பேட்டை, நெசவாளர்களுக்காக உண்டானது. இதில் எதுவுமே நாற்றமும் ரவுடியும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் இல்லை. சினிமாவை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் கத்தியும் கானாவும்தான் தெரியும்.

கானா பற்றி ஒரு வார்த்தை. அது சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடிய பாட்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ஆலையில் வேலை பார்த்தவர்களும் போனவனின் குறும்பையும் கடனையும் சேர்த்துப் பாடி அழ வைத்துச் சிரிக்க வைப்பார்கள். விழா மேடையில் பதினைந்து நிமிடம் கொடுத்து, பின்னால் ஒரு பேனரில் 'நம் கடல் நம் உரிமை' என்று எழுதி வைத்தால் அது கானா ஆகாது, கடலுக்கும் ஒன்றும் ஆகாது. 2017-ல் கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று புறம்போக்கைப் பற்றிக் கர்நாடக ராகங்களில் பாடிய காணொளி வந்தது. சபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் முறையாக எண்ணூருக்கு ரயில் ஏறினார்கள். அது நல்ல காரியம். தென்சென்னையில் உள்ளவர்களிடம் தென்சென்னையின் பாட்டிலேயே சொன்னது. உங்கள் விழா யாரிடம் பேசப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குப்பத்து ஜனங்களுக்குக் கழி கெட்டுவிட்டது என்று பாட்டுப் பாடிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வேலைக்கு வருவோம். குப்பை பொறுக்குவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லுக்கு இடையில் சிக்கிய அறுந்த வலைத் துண்டுகளை எடுத்தால் நண்டுக்கும் ஆமைக்கும் நல்லது, கால் தடுக்காது. ஆனால் பொறுக்கிய மூட்டை எங்கே போகும் என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு. உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்துக்கே திரும்பி வரும். அங்கே எரிவுலை கட்டும் திட்டத்துக்கு 2025-ல் ஜனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீங்கள் நிற்க வேண்டிய முதல் இடம் எண்ணூரை விட உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கலாம். கொடுங்கையூர்க் கால்வாயும் பக்கிங்காமில்தான் கலக்கிறது, தண்ணீரை மறந்துவிடாதீர்கள்.

மரம் நடுவதானால், கன்றை வாங்குவதற்கு முன் ஊர்த் தலைவர்களான நாட்டாரிடமும் கழியில் இறங்கும் பெண்களிடமும் கேளுங்கள். இருவரிடமும் தனித்தனியாக. நாட்டார் சொல்லும் இடமும் பெண்கள் சொல்லும் இடமும் வேறாக இருக்கும். என் அனுபவத்தில் பெண்கள் சொன்ன இடத்தில்தான் கன்று பிழைத்தது.

உங்களைப் போன்ற படித்த, கணினி தெரிந்த, அலுவலக ஆங்கிலம் தெரிந்த பத்துப் பேரால் ஆகக்கூடிய பெரிய வேலை வேறு. கருத்துக்கேட்புக் கூட்டம். 2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் அனுமதி கொடுக்கும் முன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். தமிழில் கொடுப்பது பெரும்பாலும் சில பக்கச் சுருக்கம் மட்டும்தான். நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 2024 டிசம்பரில் எண்ணூரில் 660 மெகாவாட் அனல்மின் விரிவாக்கத்துக்குக் கூட்டம் நடந்தது. மைக்கைப் பிடித்த பெண்கள் பிள்ளைகளின் மூச்சிரைப்பைப் பற்றிப் பேசினால் "அறிக்கையில் எந்தப் பக்கம்?" என்று கேட்டு மடக்கப் பார்ப்பது இப்படிப்பட்ட கூட்டங்களில் நான் பார்த்த பழக்கம். அந்தப் பக்க எண்ணை முதல் வாரமே எடுத்து, இரண்டு பக்கத் தமிழில் எழுதி, குப்பத்து டீக்கடையில் வைத்துப் படித்துக் காட்ட ஆள் இல்லை. நீங்கள் அதைச் செய்யலாம். வரைபடத்தையும் அப்படியே. கடலோர மண்டல வரைபடத்தின் புதிய வரைவு வரும்போதெல்லாம் 1996 வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். வலை போடும் இடம், மீன் காயும் இடம், படகு ஏற்றும் இடம் அதில் இருக்கிறதா என்று ஊராரோடு உட்கார்ந்து குறியுங்கள். விட்டுப்போயிருந்தால் கெடு முடிவதற்குள் எழுதிப் போடுங்கள். படம் எடுப்பது பிடிக்கும் என்றால், ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு முறை தேதியோடு எடுத்து வையுங்கள். குழாய் ஒழுகுவது, தண்ணீர் நிறம் மாறுவது, மீன் செத்து மிதப்பது எல்லாம் பதிவாகும். வழக்கில் அது பேசும்.

விழா நடத்தியே ஆக வேண்டும் என்றால் நாள் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆள் கரையில் இருப்பார்கள் என்று அப்போது வைக்கத் தோன்றும். ஆள் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, வீட்டில் சண்டை இருக்கும். மாசி மகத்தில் நீங்கள் தனி விழா வைக்கவே தேவையில்லை, அன்னதானத்தில் காய் நறுக்கப் போங்கள். அரங்கம் தேடாதீர்கள். வடசென்னையில் இளவட்டங்கள் கூடும் இடம் கேரம் கிளப், பாக்ஸிங் பயிற்சிக் கூடம், வியாசர்பாடி என்றால் பந்து மைதானம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பெண். கேரமுக்கும் கழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வெள்ளம் வந்த ராத்திரி முதலில் கதவைத் தட்டி ஆளைக் கிளப்புவது அந்தக் கிளப் பையன்கள்தான்.

இன்னொன்று. பள்ளிக்கரணைக்கு 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. எண்ணூருக்கும் அப்படி ஒன்று கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்கலாம். ஆனால் வேலி போட்டு, டிக்கெட் வைத்து, பறவை பார்க்கும் கோபுரம் கட்டி, இறால் பிடிக்கிறவளை வெளியே நிறுத்தும் பாதுகாப்பாக அது வந்துவிடக் கூடாது. என் மரக்கன்று செய்த அதே வேலையைப் பெரிய அளவில் அது செய்துவிடும்.

முதல் ஞாயிறு எதுவும் கொண்டு வராமல் வாருங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து, எண்ணூரில் இறங்காமல் அடுத்த நிலையமான அத்திப்பட்டு புதுநகர் வரை போங்கள். நடுவில் ரயில் கழியைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் நில்லுங்கள். புகைபோக்கி, மின்கம்பம், சாம்பல் மேடு, நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள். அப்புறம் திரும்பி எண்ணூரில் இறங்கி, முகத்துவாரம் பக்கம் வந்து ஒரு டீ குடியுங்கள். தண்ணீர் எப்போது வற்றும் என்று கடையிலேயே கேளுங்கள், சொல்வார்கள். வற்றிய பிறகு கூடையோடு பெண்கள் ஏறி வருவார்கள். கழி இறால் அளவில் சின்னதுதான், ருசியில் கடல் இறாலை நிற்க வைத்துவிடும். பேரம் பேசாமல் அரைக் கிலோ வாங்குங்கள். வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரம் மட்டும் எடுத்து வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை கேட்டால் அந்த அம்மா கொடுப்பார், ஆனால் கடற்கரையைச் சுத்தம் பண்ண வந்தவர்கள் கேட்டார்கள் என்று குப்பம் முழுக்கச் சொல்லியும் விடுவார்.